மூன்று முறை கூப்பிட வேண்டும்

கண்ணாடிப் பட்டறையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது பெரியவரான வெட்டுக்காரர்கூட. அந்தப் பேரை உள்ளே கொண்டுவந்தவள் அவளுடைய தங்கை. ஆறு வருடங்களுக்கு முன் பேக்கிங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள், "அக்கா, டேப் எங்க? அக்கா, இதுல கீறல் விழுந்திருக்கு பாரு! அக்கா, சாப்பிட வரலையா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்துவாள். மிஷின் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் வரும். கேட்டுக் கேட்டு மற்றவர்கள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது.

இப்போது பட்டறையே அக்கா என்கிறது. கூப்பிட வேண்டியவள் மட்டும் கூப்பிடுவதில்லை. நான்கு வருடமாகிறது.

நான்கு வருடமும் இருவரும் ஒரே கூரைக்குக் கீழேதான் வேலை பார்த்தார்கள். அக்கா ஓரம் தேய்க்கும் மிஷினில் நிற்பாள். வெட்டிய கண்ணாடியின் கூரான விளிம்பை ஓடும் சாணைப் பட்டையில் கொடுத்து மழுங்க வைக்கிற வேலை. சூடேறிக் கண்ணாடி விரிசல் விடாமலிருக்க மேலே தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அவள் விரல்கள் எப்போதும் ஊறிச் சுருங்கியே கிடக்கும். தேய்த்த கண்ணாடி பதினைந்து அடி தள்ளியிருக்கும் மேசைக்குப் போகும். அங்கே தங்கை நின்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் தக்கை வைத்து, அட்டை சுற்றி, பழுப்பு டேப் ஒட்டி, 'கவனம், உடையும்' என்ற லேபிளைக் கையால் அழுத்தித் தேய்ப்பாள். அக்கா தொட்ட கண்ணாடியைத் தங்கை தொடாமல் ஒரு நாளும் போனதில்லை. பேச்சுதான் இல்லை.

பேசியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒருத்தி இருந்தாள். பேக்கிங்கில் தங்கையோடு நிற்பவள். அவளுக்குத் தபால் என்றே பேர் விழுந்துவிட்டது.

"தபாலு, ஓரம் சரியாத் தேயலன்னு மிஷின்ல சொல்லு."

"அக்கா, ஓரம் சரியாத் தேயலயாம்."

"பட்டை மாத்தணும். பத்து நிமிஷம் ஆகும்னு சொல்லு."

"பத்து நிமிஷம் ஆகுமாம்டி."

"கேட்டுச்சு."

மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதுகூட இப்படித்தான். "நெத்தியில ஒரு ஸ்டாம்பாவது ஒட்டி விடுங்கடி" என்று தபால் அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டாலும் நிறுத்தமாட்டாள். தங்கைக்குப் பெண் பிறந்ததைச் சொன்னவள் அவள்தான். குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. தபாலின் செல்போனில் ஒரே ஒரு தடவை அக்கா அதைப் பார்த்தாள். நெற்றி அப்படியே இவர்கள் அப்பாவுடைய நெற்றி. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, திரும்பச் சின்னதாக்கி, போனைத் திருப்பிக் கொடுத்தாள். பேசியிருந்தால் அந்தக் குழந்தை இந்நேரம் பெரியம்மா என்று சொல்லப் பழகியிருக்கும்.

போன மாதம் வெட்டுக்காரருக்கு உள்ளங்கை கிழிந்தது. பட்டறை வழக்கப்படி ரத்தம் வந்த இடத்தில் பழுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு மீதி வேலையை முடித்தார். அங்கே எல்லோருக்கும் அதுதான் வைத்தியம். மருந்துப் பெட்டி ஆபீஸ் அறையில் பூட்டிக் கிடந்தது. சாவி சூப்பர்வைசர் சட்டைப் பையில். டேப் என்றால் கைக்குப் பக்கத்தில். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது டேப்போடு தோலும் வந்தது, உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லும் இருந்தது. கை பூசணிக்காயாய் வீங்கி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். அதற்குப் பிறகுதான் நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. பன்னிரண்டு பேருக்கு இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி. மிஷினிலிருந்து அக்கா. பேக்கிங்கிலிருந்து தங்கையும் தபாலும்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். டிரைவர் சார் என்று கூப்பிடச் சொன்னார். மாடியில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்திருந்த நிலைக்கண்ணாடிகளுக்கு நடுவே, ஒரு பெரிய பையிலிருந்து ரப்பர் பொம்மை ஒன்றை எடுத்துத் தரையில் கிடத்தினார். இடுப்புவரைக்கும்தான் உடம்பு. வாய் பாதி திறந்திருந்தது.

"இவரு மாப்பிள்ளை," என்றார். "வந்த இடத்துல படுத்துக்குவாரு. எல்லாரும் சுத்தி நின்னு கவனிக்கணும். என்ன செஞ்சாலும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டாரு."

பெண்கள் பக்கம்தான் சிரிப்பு அதிகம்.

"உங்க பட்டறையில எதுக்கெடுத்தாலும் டேப்பாமே. தலைவலின்னா தலையைச் சுத்துவீங்களா?"

"சூப்பர்வைசர் வாயைச் சுத்தலாம்னு ஒரு யோசனை இருக்கு சார்," என்றார் வெட்டுக்காரர், கட்டுப் போட்ட கையைத் தூக்கி.

காலை முழுக்க வெட்டுக்காயம்தான் பாடம். கண்ணாடி குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, அதுதான் அந்த ஓட்டைக்கு அப்போதைக்கு மூடி. அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வெறும் வெட்டு என்றால் சுத்தமான துணியை வைத்து அழுத்த வேண்டும். "அழுத்திட்டு, நின்னுடுச்சா நின்னுடுச்சான்னு தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க," என்றார். "துணி நனைஞ்சா மேலயே இன்னொரு துணி. பத்து நிமிஷமாவது பிடிக்கணும். பொறுமை இல்லாத கையில ரத்தம் நிக்காது."

அக்கா நோட்டில் எழுதினாள். தூக்கிப் பார்க்கக் கூடாது. எழுதிவிட்டு நிமிர்ந்து, இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த தங்கையின் பின்னங்கழுத்தைப் பார்த்தாள்.

பிறகு ஜோடி பிரித்தார். சுவரோரம் வரிசையாக நிற்கவைத்து, ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்து, எண் பொருந்தியவர்களை எதிரெதிரே உட்காரச் சொன்னார். நான்காம் நம்பர் அக்காவுக்கு வந்தது. மற்ற நான்காம் நம்பர் யாரென்று பார்க்க வேண்டியதே இல்லாமல் அறை சட்டென்று அடங்கியது.

"சார், நான் மாறிக்கவா?" என்றாள் தபால்.

"எதுக்கு? ஆபத்து வந்தா ஆளைப் பாத்துப் பொறுக்கிட்டா வரும்? உக்காருங்க."

முக்கோணத் துணியால், கையைக் கழுத்திலிருந்து தாங்கும் கைத்தூக்கு கட்டப் பழக வேண்டும். தங்கைக்குக் கை உடைந்திருக்கிறது. அக்கா காப்பாற்ற வந்தவள். ஆனால் யாரையும் தொடுவதற்கு முன்னால் அனுமதி கேட்க வேண்டும் என்பது டிரைவர் சாரின் கண்டிப்பான சட்டம். நினைவோடு இருக்கிறவர் சரி என்று வாயால் சொன்ன பிறகுதான் கை வைக்கலாம்.

அக்கா எதிரே மண்டியிட்டாள். அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்து நான்கு வருடம். நெற்றியோரத்தில் ஒற்றை நரைமுடி. முப்பத்தொரு வயதுக்கு அது சீக்கிரம்.

"நான் முதலுதவி படிச்சவ," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உங்களுக்கு உதவி செய்யலாமா?"

உங்களுக்கு என்றது அவள் காதுக்கே அன்னியமாக இருந்தது. ஏழு வயது வித்தியாசம். இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்து இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அப்பா கேலி செய்வார்.

தங்கை தலையாட்டினாள்.

"தலையாட்டினா போதாது. சொல்லுங்க."

தங்கை பக்கத்து ஜோடியைத் திரும்பிப் பார்த்தாள். "தபாலு, செய்யச் சொல்லு."

அறை கொல்லென்று சிரித்தது.

"யாருங்க அது தபாலு?"

"நான்தான் சார்." தபால் கையைத் தூக்கினாள். "இவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் என் வழியாத்தான்."

டிரைவர் சார் சிரிக்கவில்லை. தங்கைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "சரிம்மா. கை உடைஞ்சு தனியாக் கிடக்கறீங்க. தபாலுக்கு இன்னைக்கு லீவு. இப்ப என்ன பண்ணுவீங்க?"

தங்கை தரையைப் பார்த்தாள். "செய்யுங்க," என்றாள்.

ஒரு சொல். அதுவும் வேற்று மனுஷிக்குச் சொல்கிற மாதிரி. ஆனாலும் அவளைப் பார்த்துச் சொன்ன சொல். அக்கா துணியை விரித்து, முழங்கையைத் தாங்கி, கழுத்தெலும்பில் உறுத்தாமல் முடிச்சைப் பக்கவாட்டில் தள்ளிப் போட்டாள். கட்டு இறுக்கமா என்று தெரிந்துகொள்ள ஒரு விரல் நகத்தை அழுத்திவிட்டு, ரத்தம் திரும்பிச் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விரல் போதும் என்றுதான் பாடம். அவள் ஐந்து விரலையும் பார்த்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மயக்கம்தான் பாடம்.

"இந்த ரூம்ல, மயங்கி விழுந்தவங்க வாயில தண்ணி ஊத்தினவங்க யார் யாரு? பயப்படாமக் கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஒன்பது, பத்து. தபால் இரண்டு கையையும் தூக்கினாள். டிரைவர் சாரும் தன் கையைத் தூக்கினார். "நானும்தான். இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, என் மாமனாருக்கு. அவரு பொழைச்சுட்டாரு. இன்னும் திட்டிட்டுத்தான் இருக்காரு." சிரிப்பு அடங்கும்வரை இருந்தார். "இனிமே செய்யாதீங்க. நெனப்பு இல்லாதவங்களுக்கு விழுங்கத் தெரியாது. தண்ணி மூச்சுக்குழாய்ல போயிடும். ஒரு சொட்டுக்கூட வேண்டாம்."

அக்கா கையைத் தூக்கவில்லை. ஊறிச் சுருங்கிய விரல்களை மடியில் மடக்கி வைத்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு காலை நேரம் அது. அவளும் அப்பாவும் மட்டும் வீட்டில். குளிக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தார், வியர்த்துக் கொட்டியது, அப்படியே சாய்ந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதையாவது செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. டம்ளரில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டாள். ஒரு தடவை இருமினார். மூக்கு வழியாகக் கொஞ்சம் வந்தது. அவ்வளவுதான்.

புருஷன் வீட்டிலிருந்து தங்கை வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். அக்கா அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். தண்ணீர் என்ற இடத்தில் தங்கை நிறுத்தினாள். "மயக்கத்துல இருந்தவருக்கா தண்ணி ஊத்துனே? நீதான் கொன்னுட்டே அவரை." அத்தனை பேருக்கு நடுவில். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கண்ணாடித் தூளைக்கூட ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். அந்த வாக்கியத்தை யாரும் எடுக்கவில்லை. தங்கை எடுப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். ஒரு வாரம், ஒரு மாதம். பிறகு அது இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டது.

டாக்டர் மாரடைப்பு என்றுதான் எழுதிக் கொடுத்தார். ஆனால் தங்கை சொன்னது உண்மையா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? கோபம்கூட அவளுக்கு இல்லை. பயம்தான். அந்த டம்ளரை அலமாரியில் கவிழ்த்து வைத்தவள், நான்கு வருடமாக அதில் குடிக்கவும் இல்லை, அதைத் தூக்கிப் போடவும் இல்லை.

"சார்."

தங்கையின் குரல்.

"தண்ணி குடுத்ததாலயே ஒருத்தர் செத்துடுவாங்களா?"

"சாகலாம்," என்றார். "என்ன ஆச்சு அவருக்கு?"

"நெஞ்சுவலி. சாஞ்சுட்டாரு. டாக்டர் மாரடைப்புன்னாரு."

"கூட யாரு இருந்தா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர் சார் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பார்வை அக்காவிடம் வந்து நின்றது; உடனே விலகியது.

"வண்டி வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாப்பது நிமிஷம்," என்றாள் தங்கை. அந்தக் கணக்கு அவளுக்கும் தெரிந்திருந்தது.

அவர் மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் நெஞ்சில் கையை வைத்தார். "இதோ பாருங்க. நான் டாக்டர் இல்ல. தெரிஞ்சதைச் சொல்றேன். மாரடைப்பு வந்து இது நின்னுடுச்சுன்னா அது தண்ணியால நின்னது இல்ல. தண்ணி நல்லது பண்ணியிருக்காது, அது வேற. நாப்பது நிமிஷம் யாராவது இதை அழுத்திட்டே இருந்திருந்தா ஒருவேளை... ஒருவேளைதான். அழுத்தியும் நான் நிறைய பேரை விட்டிருக்கேன், என் வண்டியிலயே. தெரியாதது குத்தம் இல்லம்மா. தெரியாமலே இருந்துடறதுதான் குத்தம். அதுக்குத்தான் வந்திருக்கீங்க."

ஒரு சுமையை இறக்கிவைத்த கையோடு இன்னொன்றைத் தூக்கித் தலையில் வைத்த மாதிரி இருந்தது அக்காவுக்கு. தண்ணீர் இல்லை. சரி. ஆனால் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவள் கை சும்மாதான் இருந்தது. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு.

"நாலாம் நம்பர் ஜோடி வாங்க," என்றார் அவர்.

மாப்பிள்ளையின் இரண்டு பக்கமும் இருவரும் மண்டியிட்டார்கள். ஒரு கை மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. முப்பது தடவை அழுத்தி, இரண்டு தடவை ஊதி, மறுபடி முப்பது. வாய்விட்டு எண்ண வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஓய்ந்த கை சரியாக அழுத்தாது.

அக்கா அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பொம்மைக்குள் ஏதோ 'டக்' 'டக்' என்றது. ஆழம் சரியாக இருந்தால் அந்தச் சத்தம் வருமாம். அவளுக்கு ஒரு சத்தம்கூடத் தவறவில்லை.

"வேகமாப் போறீங்க. மெதுவா."

அவளுக்குக் காதில் விழவில்லை.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஆள் மாறணும்."

அவள் நிறுத்தவில்லை. வியர்வை மூக்கு நுனியிலிருந்து பொம்மை மேல் சொட்டியது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. எதிரே தங்கை கைகளைக் கோத்துத் தயாராக முன்னால் சாய்ந்தாள். இன்னொரு குரல் எண்ணிக்கையில் வந்து சேர்ந்தது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. இருவரும் சேர்ந்து. முப்பது. அக்கா கையை எடுத்தாள். இரண்டு ஊதல் முடிந்ததும், அவள் கை இருந்த அதே இடத்தில் தங்கை கை வைத்து, "ஒண்ணு," என்றாள்.

மூச்சு வாங்க உட்கார்ந்து அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றிலிருந்து முப்பதுவரை. திரும்ப ஒன்றிலிருந்து. வெறும் எண்கள்தான். தபால் வழியாக வராத எண்கள்.

அன்று சாயங்காலம் கடைசியாக ஒன்று பழகினார்கள். விழுந்து கிடப்பவரைக் கூப்பிட்டுப் பார்ப்பது. மூன்று முறை கூப்பிட வேண்டும் என்றார் டிரைவர் சார். முதல் தடவை சாதாரணமாக. இரண்டாவது, தோளைத் தட்டிக் காதருகில். மூன்றாவது, தெருவே கேட்கிற மாதிரி. "பேர் தெரிஞ்சா பேரைச் சொல்லுங்க, முறை தெரிஞ்சா முறையைச் சொல்லுங்க. எல்லாம் அணைஞ்சாலும் காது கடைசியாத்தான் அணையும்னு எங்க ஆளுங்க சொல்வாங்க. வண்டியில நான் பேசிக்கிட்டேதான் ஓட்டுவேன்."

அக்கா கண்ணை மூடிப் படுத்தாள். மேலிருந்து குரல் வந்தது.

"ஏங்க. கேக்குதாங்க?"

"அடியே, புருஷனைக் கூப்பிடற மாதிரி இருக்குடி!" என்றாள் தபால். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் மூடிய கண்ணோடு சிரித்தாள். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய்த் தலையணையைத் தரையில் போட்டு முப்பது முப்பதாக அழுத்திப் பழகினாள். கை ஓய்ந்தபோது எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே மாறிக்கொள்ள ஆள் இல்லை. குளியலறை வாசற்படிதான் இருந்தது.

மறுநாள் பரீட்சை.

"ஜோடிக்கு ஒரே மார்க்," என்றார் டிரைவர் சார். "ஒருத்தர் சொதப்பினா ரெண்டு பேரும் காலி. மயங்கினவங்களா நடிக்கறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். கண்ணைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது. மாப்பிள்ளையைப் பாத்துக் கத்துக்கங்க."

விலாவில் கை பட்டதும் வெட்டுக்காரர் கூச்சத்தில் சிரித்துவிட, அவர் ஜோடி தோற்றது. தபாலின் ஜோடி தேறியது. நாலாம் நம்பருக்கு முறை வந்தது.

முதலில் தங்கை படுத்தாள். அக்கா பக்கத்தில் மண்டியிட்டாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ராத்திரியே யோசித்து, அம்மா, கேக்குதா என்று பொதுவாகக் கூப்பிடலாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"பட்டாணி."

பிறந்தபோது உருண்டையாக இருந்த பிள்ளைக்கு ஏழு வயதில் அவள் வைத்த பேர் அது. பட்டறையில் யாருக்கும் தெரியாது. யாரோ களுக்கென்று சிரித்து அடங்கினார்கள். தங்கையின் இமை ஒரு முறை நடுங்கியது. வாய் திறக்கவில்லை.

தோளைத் தட்டினாள். "பட்டாணி. கேக்குதா?"

மூன்றாவது தடவை தெருவே கேட்கக் கத்தினாள். பதில் இல்லை. இவளுக்கு இதற்கென்று தனியாகப் படிக்க வேண்டியதில்லை, நான்கு வருடப் பயிற்சி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பில் கசப்பு இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்து மூச்சு. முகவாயை நிமிர்த்தி, கன்னத்தைத் தங்கையின் மூக்கருகில் கொண்டுபோனாள். பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், உணர வேண்டும். பத்து நொடி. வெதுவெதுப்பாகக் கன்னத்தில் பட்டது. டேப் பசையின் வாடை, தக்கைத் தூளின் வாடை. அதற்கடியில் பழைய வாடை, ஒரே போர்வைக்குள் தூங்கிய நாளின் வாடை.

"பத்து செகண்டு போதும். இருபது ஆச்சு," என்றார் டிரைவர் சார்.

தூரத்துக் கையை எடுத்துக் கன்னத்துக்குக் கீழே வைத்து, முழங்காலை மடக்கி, தன் பக்கம் உருட்டிச் சாய்த்தாள். அந்தக் கை கன்னத்துக்குக் கீழே போனதும் தங்கை சின்னப் பிள்ளையில் தூங்குகிற மாதிரியே ஆகிப்போனாள். அக்கா எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நல்லா இருக்கு. அடுத்தது மாறுங்க."

தரை சில்லென்றிருந்தது. அக்கா மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். பக்கத்தில் மண்டியிடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. ஏங்கதான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏங்க என்றே கூப்பிடட்டும். அதுவும் கூப்பிடுவதுதானே.

"ஆரம்பிங்க," என்றார் டிரைவர் சார்.

இன்னும் ஒன்றுமில்லை. கீழே பட்டறையில் யாரோ லாரியில் கண்ணாடி ஏற்றுகிற சத்தம்.

"அக்கா."

அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். சாதாரணமாக என்று சொன்னதைவிடவும் மெதுவாக. ஒரு நாளைக்கு நூறு பேர் வாயிலிருந்து விழுகிற சொல். இது அதில் சேராதது என்று அக்காவின் உடம்பு முழுக்கத் தெரிந்துகொண்டது. கண் திறக்கத் துடித்தது. ஜோடிக்கு ஒரே மார்க். அது மட்டுமல்ல. பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிட வேண்டும் என்பது விதி. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, பேராசைக்காரியாக, அசையாமல் கிடந்தாள்.

தோளில் கை விழுந்தது. மூச்சு காதில் பட்டது.

"அக்கா. கேக்குதா?"

இன்னும் ஒன்று இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை.

தங்கை இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். விதிப்படி தட்டத்தான் வேண்டும், உலுக்கக் கூடாது. "அக்கா!" என்று கத்தினாள். அது பரீட்சைக்குக் கத்துகிற குரலாக இல்லை. மிஷின் இரைச்சலைத் தாண்டி வருகிற குரல். அதுவும் உடைந்து வந்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. "அக்கா, எந்திரி. ஏய், அக்கா!"

ஐந்து முறை ஆகிவிட்டது.

"ம்," என்றாள் அக்கா.

கண்ணைத் திறந்தபோது தங்கையின் முகம் மிக அருகில் இருந்தது. மூக்கு சிவந்து, கோபமாக.

"ஏன் உடனே பதில் சொல்லல? பயந்தே போயிட்டேன்."

"மயங்கிக் கிடக்கேன்லடி."

"மயங்கின மூஞ்சியைப் பாரு," என்றாள் தங்கை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

அக்கா, தோளில் இருந்த அந்தக் கை மேல் ஊறிச் சுருங்கிய தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஏம்மா!" டிரைவர் சார் பேனாவை மூடினார். "மயங்கினவங்க பேசறாங்க. காப்பாத்த வந்தவங்க சண்டை போடறாங்க. இதுக்கு எத்தனை மார்க் போடறது நான்? ரெண்டு பேரும் ஃபெயில்."

"விடுங்க சார்," என்றாள் தபால். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நானே என் வேலை போச்சேன்னு உக்காந்திருக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் மாப்பிள்ளையைப் பார்த்தார். அது வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

"சரி. இன்னொரு தடவை. முதல்ல இருந்து. படுங்கம்மா. தங்கச்சி, ஆளை உலுக்கக் கூடாது, தட்டணும். கூப்பிடுங்க."

அக்கா மறுபடியும் சில்லிட்ட தரையில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடினாள். இந்த முறை மூன்றுக்கும் வாயைத் திறக்கவே கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டு, முதலாவதற்காகக் காத்திருந்தாள்.